கூட்டத்தில் இருக்கிறேன்

அவனுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ‘காணோம்’. பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது; அது அடையாள அட்டையோடு சரி. காலையில் வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிடுவான். “என் ஸ்பேனரக் காணோம்.” “ஹெல்மெட்டக் காணோம்.” “இப்பதாங்க இங்க வெச்சேன், அதுக்குள்ள காணோம்.” கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் ஆளையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். “காணோம் வந்தாச்சா?” என்பார் சூப்பர்வைசர். “வந்தாச்சு சார், இப்ப காணோம்” என்பான் எவனாவது. தினமும் அதே ஜோக், தினமும் அதே சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரிப்பான்.

லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அதில் குறை சொல்ல முடியாது. பத்து மாடிக் கட்டடத்தில் எந்த இடத்தில் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். சட்டைப் பையில் இருக்கிற பேனாவைத்தான் கண்டுபிடிக்க மாட்டான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி இதை ரசித்தாள் என்றால் நம்புவது கஷ்டம், ஆனால் ரசித்தாள். “ஐயோ பாவம், குழந்தை மாதிரி” என்று தங்கையிடம் சொன்னாளாம். அந்த வார்த்தைக்காக அப்புறம் தன்னையே எத்தனை முறை திட்டிக்கொண்டாளோ தெரியாது.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எப்பேர்ப்பட்ட கோணல் மூக்காக இருந்தாலும் ஃபிரேமைச் சூடு காட்டி, வளைத்து, உட்கார வைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் தேடுதல் வேட்டை. அவன் போன் ஒருநாள் ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் கிடைத்தது. ஒருநாள் அழுக்குத்துணிக் கூடையில். ஒருநாள் ஷூவுக்குள். போன் தொலைந்தால்கூடப் பரவாயில்லை. தேவைப்படும் நேரத்தில் ஆளே தொலைந்துவிடுவான். மகள் பிறந்த அன்று அவன் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான், போன் கீழே வண்டிப் பெட்டியில் இருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தவனைப் பார்த்து, “வாங்க, உங்க பொண்ணு உங்களுக்கு முன்னாடியே வந்துட்டா” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

போன வருடம் அவளே கடைகடையாக ஏறி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்து அவன் கையில் கட்டிவிட்டாள்.

“இந்தப் போன் படத்த அழுத்தினா உங்க போன் எங்க இருந்தாலும் கத்தும். சைலண்ட்ல போட்டிருந்தாலும் கத்தும். புரியுதா?”

“புரியுது.”

“வாட்ச்சத் தொலைச்சிடாதீங்க.”

“அதான் கையில கட்டியிருக்கே!”

“கையையும் சேத்துத் தொலைக்கிற ஆள் நீங்க” என்றாள்.

விலை மலிவான வாட்ச் அது. போன் வந்தால் மணிக்கட்டில் துடிக்கும், யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும், ஆனால் அதிலிருந்து பேச முடியாது. அழைப்பை வெட்டலாம். இல்லையென்றால் ரெடிமேடாக இருக்கும் நாலு பதிலில் ஒன்றைத் தொட்டு அனுப்பலாம்: ‘இப்போது பேச முடியாது’, ‘பிறகு அழைக்கிறேன்’, ‘வந்துகொண்டிருக்கிறேன்’, ‘கூட்டத்தில் இருக்கிறேன்’. ஆபீஸ்காரர்களுக்காக எவனோ எழுதி வைத்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன கூட்டம்? அவனுக்குப் பழக்கமானது மூன்றாவது பதில்தான். சோபாவில் சாய்ந்துகொண்டே அதை அனுப்புவான்.

அந்தச் சனிக்கிழமை அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் தன்னோடு இருக்க வேண்டும். இடது மார்பில் ஒரு கட்டி. சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், அன்றைக்குத்தான் டாக்டர் முடிவைச் சொல்வதாக இருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கிற மகளிடம் சொல்லவில்லை. தன் தம்பியிடம்கூட மூச்சு விடவில்லை. காலையில் வாசலில் நின்று அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்: “இன்னைக்கு மட்டும் வந்துடுங்க. தனியா உள்ள போக எனக்குத் தைரியம் இல்ல.”

“மூணரைக்கே கேட்டுல நிப்பேன். சத்தியமா.”

அரை நாள் லீவும் போட்டிருந்தான். நியாயமாகப் பார்த்தால் மதியத்தோடு வேலை முடிந்து, முகம் கழுவி, மூன்றரைக்கு ஆஸ்பத்திரி கேட்டில் நின்றிருக்க வேண்டும். மதியம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். பழைய ஐந்து மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில், பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிற பெண் லிஃப்டில் ஏறும்போது வீட்டுச் சாவிக்கொத்தைக் கதவிடுக்கில் தவறவிட்டாளாம். அது நேராகக் குழிக்குள் விழுந்துவிட்டது. “சாயங்காலம் வேற ஆள அனுப்பறேன், உனக்கு ஏதோ லீவுல்ல?” என்றார் சூப்பர்வைசர்.

“பரவால்ல சார், பத்து நிமிஷ வேலை. போற வழிதான்.”

போகிற வழியே இல்லை அது. அவனோடு ஜோடியாக வேலை செய்கிறவன் அவன் மனைவியின் தம்பிதான். குழியில் ஒருவன் இறங்கினால் வெளியே ஒருவன் நிற்க வேண்டும் என்பது கம்பெனி விதி. “நானும் வரேன் மாமா” என்றான் மைத்துனன். “சாவி பொறுக்க ரெண்டு பேரா? நீ வீட்டுக்குப் போ மாப்ள” என்று அவனையும் துரத்திவிட்டான்.

கட்டடத்தில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஈ காக்கை இல்லை. மூன்றாவது மாடியில் பல் டாக்டர் மட்டும். வெளி கேட்டில் செக்யூரிட்டி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவன் ‘பழுது வேலை நடக்கிறது’ பலகையைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை முதல் மாடிக்கு ஏற்றி நிறுத்தினான். வந்த வேலை சாவி எடுப்பது. ஆனால் எண்ணெய் போட்டு நாளாகியிருக்கும் என்று யாரும் கேட்காமலேயே பெட்டியின் கூரைமேல் ஏறினான். போனில் டார்ச்சைப் போட்டு ஒரு சட்டத்தின்மேல் வைத்தான். பெட்டி ஏறி இறங்குகிற தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டான், துடைத்தான், சும்மா இரண்டு போல்ட்டை முறுக்கிப் பார்த்தான். போனை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினான். இதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

தரைத் தளத்தில் முக்கோணச் சாவியால் கதவைத் திறந்து, தானாக மூடிக்கொள்ளாதபடி கருவிப் பையை இடையில் திணித்தான். குழிக்குள் இருந்த ஸ்டாப் சுவிட்சை அழுத்திவிட்டுக் குதித்தான். ஆள் உயரத்துக்கு ஆழம். ஏணி கிடையாது, வெளியே ஆள் நின்றால் கை கொடுத்து ஏற்றிவிடுவான், அந்தத் தைரியத்தில் கட்டிய பழைய கட்டடம். சுவரில் அழுது வடிகிற ஒரு பல்பு. மூலையில் எண்ணெய்ச் சகதியில் சாவிக்கொத்து பாதி முங்கிக் கிடந்தது. அதை எடுக்கக் காந்தக் கம்பி வேண்டும். கம்பி பையில் இருந்தது. கையை உயர்த்திப் பையின் வாரைப் பிடித்து இழுத்தான்.

கதவைத் தாங்கி நின்றதே அந்தப் பைதான் என்பது பை தோளில் வந்து விழுந்த பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தான். கதவு எந்த அவசரமும் இல்லாமல் நகர்ந்து போய் டக்கென்று பூட்டிக்கொண்டது. பூட்டு கதவின் உச்சியில் இருந்தது. எம்பினான். பையை மிதித்து நின்று எம்பினான். ஸ்பேனரை நீட்டி எம்பினான். இரண்டு முழம் எட்டவில்லை.

“அட முட்டாப்பயலே!” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். பாக்கெட்டைத் தடவினான். இடுப்பைத் தடவினான். “போனக் காணோம்” என்று வாய் தானாகச் சொன்னது, கேட்க அங்கே யாரும் இல்லை.

வாட்ச் ஞாபகம் வந்தது. போன் படத்தை அழுத்தினான். தலைக்கு மேலே, பெட்டியின் கூரையிலிருந்து போன் வீறிட்டது. கடவுளே, அவ்வளவு சத்தத்தை அந்தப் போன் போட்டு அவன் கேட்டதே இல்லை. நாலு பக்கமும் சுவர், சத்தம் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றியது. சரி, யார் காதிலாவது விழும், வருவார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

வந்தார்கள் என்பதுதான் கொடுமை. பல் பிடுங்கிக்கொண்டு படி இறங்கி வந்த ஒரு மனிதர் காதில் அது விழுந்திருக்கிறது. வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு, நேராகச் செக்யூரிட்டியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

“மெதுவா சொல்லுங்க சார், ஒண்ணும் புரியல” என்று செக்யூரிட்டியின் குரல் படிக்கட்டுப் பக்கம் கேட்டது. “லிஃப்டா? லிஃப்டுக்குள்ள போனா? இருங்க.”

இரண்டு பேரும் முதல் மாடிக்குப் போனார்கள். அந்தக் கதவில் ஒரு சாண் அளவு கண்ணாடி உண்டு. இங்கே குழிக்குள் இவன் தொண்டை கிழியக் கத்தினான். “யோவ்! கீழ இருக்கேன்! கீழ பாருங்கய்யா!” அவன் கத்தியதை அவனுடைய போனே விழுங்கிவிட்டது. சத்தத்தை நிறுத்தலாம் என்று வாட்ச்சை அழுத்தினால், விரல் பூரா எண்ணெய், திரை அசைய மாட்டேன் என்றது. சட்டையில் துடைத்தான், நக்கிக்கூடத் துடைத்தான்.

“உள்ள யாரும் இல்லையே சார். மெக்கானிக்கு போன வெச்சிட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு. வருவாரு வருவாரு.”

ஒருவழியாகப் போன் வாயை மூடியபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம்கூட இல்லை. கேட்டில் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினான், ஸ்பேனரால் மொத்தினான். வேலை நடக்கிற லிஃப்டில் டங்டங்கென்று சத்தம் வந்தால் யாருக்கு என்ன? நன்றாக வேலை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது மணிக்கட்டு துடித்தது. அவள்.

மூன்றரைகூட ஆகவில்லை. அதற்குள் வந்துவிட்டாளா? வெட்டினால் கோபப்படுவாளே, பேசவும் முடியாதே என்று பதறித் திரையைத் தொட்டான். அத்தனை நேரம் மக்கர் பண்ணிய சனியன் பிடித்த திரை இப்போது ஒரே தொடுதலில் வேலை செய்தது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ போய்விட்டது.

இந்த வார்த்தையை எத்தனை முறை பொய்யாக அனுப்பியிருக்கிறான்! அத்தனை முறையும் நம்பினாளோ இல்லையோ, காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்றைக்கும் நிற்பாள். தனியாக உள்ளே போகத் தைரியம் இல்லை என்று சொன்னவள், இவன் வருவான் என்று அந்த கேட்டிலேயே நிற்பாள். டாக்டர் நாலரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார். பிறகு திங்கட்கிழமைதான். இன்னும் இரண்டு ராத்திரி அவள் தூங்காமல் கிடக்க வேண்டும்.

பெட்டி தரையில் மோதாமல் தாங்க வைத்திருந்த சுருள்வில்லின்மேல் உட்கார்ந்தான். பல்பு மினுங்கியது. சகதி நாற்றம் மூக்கில் ஏறியது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றானதும், காலையிலிருந்து தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்த ஒன்று வந்து எதிரே நின்றது. இந்தச் சாவியை யார் கேட்டார்கள்? சூப்பர்வைசரே வேண்டாம் என்றார். எண்ணெய் போடச் சொன்னது யார்? மைத்துனனை ஏன் துரத்தினான்? கூட இருந்தால், “அக்கா எங்க மாமா? முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்பான். அதனால்தான். டாக்டர் வாயைத் திறக்கிற அந்த நேரத்தில் தான் அந்த அறையில் இருக்கக் கூடாது, வேறு எங்காவது இருக்க வேண்டும், எங்காவது. இதுதான் உண்மை. அவனுக்கு அழுகை வந்தது. அழுதான். அங்கே மறைக்க வேண்டியவர் யாரும் இல்லை.

மறுபடி மணிக்கட்டு துடித்தது.

இந்த முறை விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, அழைப்பு அடங்குவதற்குள் யோசித்தான். ‘இப்போது பேச முடியாது’ என்றால் வண்டியில் வருகிறான் என்று நிற்பாள். ‘பிறகு அழைக்கிறேன்’ என்றாலும் நிற்பாள். அவளுக்குக் கோபம் வர வேண்டும். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற கோபம். கோபம் வந்துவிட்டால் அவள் யாருக்காகவும் நிற்க மாட்டாள், விறுவிறுவென்று உள்ளே போய்விடுவாள். தன்னை எவ்வளவு கேவலமாக நினைத்தாலும் சரி, டாக்டரைப் பார்த்தால் போதும். நாலாவதைத் தொட்டான். ‘கூட்டத்தில் இருக்கிறேன்.’

மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. சரி, போய்விட்டாள் என்று நினைத்தான். அதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அவனுக்கே பிடிக்கவில்லை. நாலு மணி ஆயிற்று, தாண்டியது. இப்போது அவள் தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. இவன் எழுந்து கதவை இரண்டு கையாலும் அறைந்தான். யாரையும் கூப்பிடுவதற்காக அல்ல, சும்மா அறைந்தான். உள்ளங்கை எரிந்ததும் நிறுத்தினான்.

வெளியே பேச்சுச் சத்தம். முக்கோணச் சாவி திரும்புகிற ஓசை. கதவு விலகியது, வெளிச்சத்தில் கண் கூசியது.

“மாமா!” மைத்துனன் குனிந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டது. “என்ன மாமா, கூட்டம் முடிஞ்சுதா?” பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். “இருங்க, செக்யூரிட்டிகிட்ட ஏணி இருக்கானு கேக்கறேன்” என்று ஓடினான்.

அவன் நின்ற இடத்தில் இப்போது அவள் நின்றாள். வேலைக்குப் போகிற அதே உடை, தோளில் அதே பை. வாசற்படி விளிம்பில் மெல்ல உட்கார்ந்து கீழே பார்த்தாள்.

“நீ எப்படி இங்க?” என்றான்.

“கூட்டம்னு வந்துச்சு. உங்களுக்கு ஏதுங்க கூட்டம்? ஏதோ ஆபத்துன்னு பயந்து தம்பிக்குப் போன் பண்ணேன். சாவி எடுக்கப் போனீங்கன்னு சொன்னான். அவன் வண்டியிலதான் வந்தேன்.”

“ஐயோ, அப்ப டாக்டர்? மணி நாலு தாண்டிடுச்சே! நீ உள்ள போயிடுவன்னுதான் அப்படி அனுப்பினேன். இப்பவே போனா...”

“பாத்துட்டேன்.”

“எப்ப?” என்றான்.

“எனக்கு முன்னாடி இருந்தவங்க வரல. மூணு மணிக்கே கூப்பிட்டுட்டாங்க. வெளிய வந்ததும்தான் உங்களுக்கு முதல்ல போன் பண்ணேன். வந்துட்டிருக்கேன்னீங்க. சரி, வந்ததும் நேர்ல சொல்லிக்கலாம்னு கேட்டுல நின்னேன்.” பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “அதேதாங்க. எடுத்தாகணுமாம். அப்புறம் மருந்து ஏத்தணுமாம், நாலஞ்சு மாசம். புதன்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்க. தம்பிகிட்ட இன்னும் சொல்லல.”

அவன் பின்வாங்கி, குழியின் எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்தான். அங்கே நின்றபடி அவளை அண்ணாந்து பார்த்தான். சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

“கதவு தானா மூடிக்கிச்சு, அது நெசம். ஆனா இந்த வேலைய நான்தான் கேட்டு வாங்கினேன். யாரும் அனுப்பல. எனக்குப் பயமா இருந்துச்சு. டாக்டர் சொல்றப்ப நான் அங்க இருக்கக் கூடாதுன்னு... வேணும்னுதான் இங்க வந்தேன்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவனைப் பார்த்தாள். சகதி அப்பிய கால்சட்டை, அழுத முகம், தலைக்கு மேல் எட்டாத கதவு.

“பயம் வந்தா நீங்க போய் இறங்கிக்க ஒரு குழி இருக்கு” என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “நான் எங்கங்க போய் ஒளியறது? அது என் உடம்புக்குள்ளல்ல இருக்கு.”

அவன் சுவரோடு நின்றபடியே ஒரு கையை மேலே நீட்டினான். ஏறுவதற்கு அல்ல, விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த அவள் பாதத்தைத் தொடுவதற்கு. அதுவும் எட்டவில்லை. அவள் பார்த்தாள். காலை உள்ளே இழுத்துக்கொள்ளவும் இல்லை, கீழே நீட்டவும் இல்லை. மைத்துனன் ஏணியைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.